தேயிலைப் பெட்டிப் பலகையும் என் முதுகும்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹார்ட்வேர் கடையில், போன செவ்வாய்க்கிழமை, நான் ஒட்டுப்பலகை ஒன்றை முகர்ந்து பார்த்தேன். ஐம்பத்தாறு வயதில், நாலு பேர் பார்க்க. அதோடு விட்டிருந்தாலாவது சளி என்று சமாளித்திருக்கலாம். பலகையைப் புரட்டி, பின்பக்கத்தில் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று வேறு தேடினேன்.

“என்னாங்க பாக்குறீங்க?” என்றார் கடைக்காரர்.

“ஸ்பீக்கர் பொட்டி ஒண்ணு அடிக்கணும்.”

“அதுக்கு மோந்து பாக்கணுங்களா?”

நியாயமான கேள்விதான். உள்ளங்கையளவு டப்பாவே ஊரைக் கூட்டும் காலத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை தேடி அலைவதே ஒரு மாதிரி. அவர் காட்டிய நல்ல பலகை என் கைக்கு எட்டாது. மலிவானதைத் தட்டினால் நடுவில் பொள்ளல் சத்தம். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையோ, எங்கள் பனியைக் குடித்து ஆறு மாதத்தில் ரஸ்க் மாதிரி ஊதிவிடும். ஆனால் நான் முகர்ந்தது இதற்கெல்லாம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒட்டுப்பலகைக்குத் தேயிலை மணக்கும். அந்த மணம் வந்தால் இன்றைக்கும் என் கண் முதலில் எழுத்தைத்தான் தேடும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போன முதல் ஆள் நான், சின்னக் கிளாக்கர். கொழுந்து எடுக்கும் அம்மா, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டியை நானே செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன். ஒரு சஞ்சிகையில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். படித்தவனுக்கு வரும் நோய்களில் இதுவும் ஒன்று.

முக்கால் அங்குலப் பலகை வேண்டும் என்றது சஞ்சிகை. ஹட்டன் மரக்கடையில் விலையைக் கேட்டுவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்தேன். சீலிங்குக்கு அடிக்கும் மெல்லிய பலகையைத் தட்டினால் காலி பிஸ்கட் டின்னின் குரல். அப்போதுதான் சிவலிங்கத்தின் நினைவு வந்தது. மாமா மகன், பெக்டரியில் பெட்டி அடிக்கிறவன். அந்நாளில் தேயிலை கப்பலேறியது ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான். விளிம்பெல்லாம் தகரம், உள்ளே வெள்ளித்தாள்.

“கழிச்ச பலக கெடக்குடா. நான் பாத்துக்கிறேன்” என்றான்.

சொன்னபடி மறுநாள் சாயந்தரம், தூறலில், சாக்கில் சுற்றிய கட்டோடு வந்தான். என் கட்டிலுக்கடியில் தள்ளினான். “மெதுவா எடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சாக்கைப் பிரித்தேன். ஒவ்வொரு பலகையிலும் தோட்டத்தின் பெயர், தூளின் தரம், நிறை எல்லாம் கறுப்பு மையில், ஆங்கிலப் பெரிய எழுத்தில்.

சாக்கைத் திரும்ப மூடினேன். பெக்டரியிலிருந்து ஒரு ஆணி வெளியே போவதானாலும் துண்டு வேண்டும். பெக்டரியை நடத்தும் டீமேக்கர் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு. இந்தச் சாக்கில் அப்படியொன்றும் இல்லை. அதற்கு முந்தின மாதம்தான், சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு பிடி தூள் கொண்டுபோன ஒருவருக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். வேலை போனது, குடியிருந்த லயத்துக் காம்பராவும் போனது. அந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் நான். எனக்கென்று புதிதாக ஒன்று அடிக்கவே வேண்டாம், பெயரை மாற்றினால் போதும்.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் திருவிழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. வாயை வேறு விட்டாயிற்று. ஒரு தந்திரம் செய்தேன். பலகைதான் மெல்லிசாயிற்றே, இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டினேன், எழுத்தும் எழுத்தும் முகத்தோடு முகம் பார்க்கும்படி. வெளியே ஒரு புள்ளி மை தெரியவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். எங்கள் பனிமூட்டத்துக்கும் என் வஜ்ஜிரப் பசைக்கும் ஒத்துப்போகுமா என்று மட்டும் அந்த மூளை யோசிக்கவில்லை.

திருவிழாக் காலையில் ஐந்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனி. கோயில் வாசலில் பெட்டி. அதற்குப் பக்கத்திலேயே, மரியாதைக்காக, தோட்டத்து மேனேஜர் பெரிய துரைக்கு நாற்காலி. அவர் தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, பின்னால் குடை பிடித்துக்கொண்டு சிவலிங்கம். முதல் பாட்டில் மேளம் இறங்கி அடித்ததும், பெட்டியின் பக்கப் பலகை மேல் மூலையில் மெல்ல வாயைத் திறந்தது. தோட்டத்துப் பெயரின் கடைசி எழுத்து எட்டிப் பார்த்தது. அடுத்த அடிக்கு, அதற்கு முந்திய எழுத்து.

நான் போய் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டேன்.

பலகை என்னைத் தள்ளியது, நான் பலகையைத் தள்ளினேன். ஒவ்வொரு மேள அடியும் விலா எலும்பில் விழுந்தது. அந்தக் குளிரிலும் சட்டை நனைந்துவிட்டது. அம்மா வந்தார்.

“தீவாராதன காட்டுறாங்க, வாடா.”

“நீங்க போங்கம்மா.”

“என்னடா இது, சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு?”

துரை திரும்பிப் பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன். “கிளாக்கர், இங்க வா. துண்ணூறு எடு” என்றார், தோட்டத்துத் தமிழில். துரை கூப்பிட்டு ஒருவன் போகாமல் நிற்பதை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. நான் நின்றேன். மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் ஆடினேன். சரிந்தேன், நிமிர்ந்தேன். துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைத் திருப்பி சிவலிங்கத்திடம் ஏதோ கேட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவனோ குடைக்கடியில் சாந்தமாகச் சிரித்துக்கொண்டு பதில் சொன்னான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

துரை போனதும் பெட்டியை முதுகோடு அணைத்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வீடு சேர்ந்தேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பலகையை அடுப்பில் வைத்தேன். எரியும்போது லயம் முழுக்கத் தேயிலை மணந்தது. அதற்கொரு தனிப் பயம். பிறகு ஒரு வருஷம், துரையின் மணி அடிக்கும்போதெல்லாம் என் கை டைப்ரைட்டரிலேயே உறைந்து நிற்கும்.

அந்த மணியும் டைப்ரைட்டரும் இன்று இல்லை. தூள் கடதாசி மூட்டையில் போகிறது. பெக்டரிப் பக்கம் நடந்தால் பெட்டி அடிக்கும் சத்தம் கேட்பதில்லை. மகன் ஆபீசில் என்று சொல்ல அம்மாவும் இல்லை. அந்தக் காலத்துச் சாமான்களில் பழுதில்லாமல் எஞ்சியிருப்பது என் பயம் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து வெறுங்கையோடு இறங்கியபோது, பஸ் நிலையத்தில் சிவலிங்கம் நின்றான். இத்தனை வருஷம் கழித்து, முதல்முறையாக அந்தக் கதையை அவனிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

“அதுக்கு டீமேக்கரையா அன்னைக்கே துண்டு குடுத்துட்டாருடா. வெறகுக்குன்னு கழிச்ச பலக. மழைன்னு சாக்குல சுத்துனேன். ஆணி கெடந்துச்சு, அதான் மெதுவான்னேன்.”

“அப்ப தொரை ஒங்கிட்ட என்னா கேட்டாரு?”

“புதுக் கிளாக்கர் காலங்காத்தாலேயே தண்ணி போட்டிருக்கானான்னாரு. திருவிழாதானே தொரை, கொஞ்சமாத்தான் போட்டிருக்கான்னு சொல்லி ஒன்னயக் காப்பாத்துனேன்.”