ஈஸ்டருக்குப் பயந்த வருஷம்

ஆட்டுக்கறி வேகிற வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்து எங்கள் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது, அதுவும் தவக்காலத்தில். காரைக்குடியில் நாங்கள் குடியிருந்த அந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய எங்கள் நாற்பது நாள் விரதத்துக்கு நடுவே ரம்ஜான் வந்துவிட்டது. எனக்கு எட்டு வயது, நாக்குக்கு மட்டும் பதினெட்டு.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பிய அப்பா, ஈஸ்டர் வரைக்கும் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். கானாடுகாத்தான் பெரிய வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர் அவர். கூலி கைக்கு வந்தால் நேரே கடைக்குப் போய், தெருவே எட்டிப் பார்க்கும்படி வீடு வந்து சேருவார். அம்மா அப்பாவின் வாக்கைக் கேட்ட கையோடு எங்களுக்கும் ஒரு "ஒறுத்தல்" விதித்தாள்: "ஒங்கப்பா தாக்குப்பிடிக்கணும்ல, நாமளும் கறி மீன் தொடக் கூடாது." நான் அதை என் புத்திக்கு எட்டியபடி புரிந்துகொண்டேன்: நான் கறியைத் தொட்டால் அப்பா பாட்டிலைத் தொட்டுவிடுவார்.

பக்கத்து வீட்டு ஜமீலாக்காவுக்கு எங்கள் விரதம் தெரியும். அதனால் ரம்ஜானன்று பிரியாணிக்குப் பதிலாக ஒரு தூக்குவாளி நிறைய சேமியா பாயசம் கொடுத்தனுப்பினாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது எங்கள் தெருவில் வழக்கமில்லை; அம்மா அதில் கொஞ்சம் சீனி போட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். போனால் அங்கே பந்தி நடந்துகொண்டிருக்கிறது. விஷயம் தெரியாத யாரோ ஒரு விருந்தாளியம்மா, "நீயும் உக்காரு கண்ணு" என்று என் முன்னால் தட்டை வைத்துவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அன்று பார்த்து அப்பாவைக் காணோம். ஆறு மணி பஸ் போயிற்று, அடுத்த பஸ்ஸும் போயிற்று. அம்மா ஜெபமாலையை உருட்டியபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்; பாவி நான், வயிற்றில் கறியோடு தெருமுனையில் போய் நின்றேன். கடைசியில் அப்பா வந்தார். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு மோந்து பார்த்தேன். பெயிண்ட் வாசனைதான், ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. "குடிச்சிருக்கீகளாப்பா? நான்தான் காரணம், நான் கறி தின்னுட்டேன்" என்று ஓவென்று அழுதேன்.

அடிப்பார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நடுத்தெருவிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "கடை வாசல் வரைக்கும் போனேன்த்தா. ரொம்ப நேரம் நின்னுட்டுத் திரும்பிட்டேன். போனது என் காலு. அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார். அடுத்தவர் பாவத்தைச் சுமக்கச் சிலுவையில் ஒருத்தர் ஏற்கெனவே இருக்கிறார், அது நம் வேலை இல்லை என்பது எனக்கு மறைக்கல்வி வகுப்பில் ஏறவே இல்லை. அந்தத் தெருமுனையில்தான் ஏறியது.

ஆனால் பயம் விடவில்லை. மற்ற பிள்ளைகளெல்லாம் ஈஸ்டர் எப்போது எப்போது என்று பறந்துகொண்டிருக்க, நான் மட்டும் அது வரவே கூடாதென்று வேண்டிக்கொண்டேன். அப்பா கொடுத்த வாக்கு ஈஸ்டர் வரைக்கும்தானே!

ஈஸ்டர் வந்தது. குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் வாசலில் நின்று, "அதான் நாப்பது நாளும் முடிஞ்சுபோச்சுல்ல, வாரீகளா?" என்று கூப்பிட்டார்கள். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவர்களிடம், "நீங்க போங்க, நான் வரல" என்றார்.

அதற்கப்புறமும் இரண்டு தடவை சறுக்கினார், பொய் சொல்ல மாட்டேன். சறுக்கி எழுந்தவர் பிறகு தொடவே இல்லை. இன்று அப்பா இல்லை. ஜமீலாக்கா மகனோடு மலேசியா போய்விட்டாள். எங்கள் வாடகை வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். இந்த வருஷம் ஈஸ்டரன்று என் மகள், "உயிர்ப்புன்னா என்னம்மா?" என்று கேட்டாள். காலியான கல்லறையைப் பற்றிப் படித்ததையெல்லாம் சொன்னேன். சொல்லும்போது என் கண்ணுக்குள் இருந்ததோ, அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எங்கேயும் போகாமல், எங்கள் நடுவில் குறட்டை விட்டுத் தூங்கிய அந்த ஈஸ்டர் மத்தியானம்.