கூட்டெருக் குழிக்கு இரண்டு வாச்சர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பெல்மதுளைச் சந்தியில் எனக்கு ஒரு விபத்து நடந்தது. கல் முதலாளி ஒருவர் ஜீப்பை நிறுத்தி, இறங்கி வந்து, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் பாரதூரம் புரியாது. இவர் மாணிக்கக்கல் வாங்கி விற்பவர். என்னைப் போன்ற பென்ஷன் வாத்தியார்கள் அவர் கண்ணில் படுவதே இல்லை. அன்று டீயோடு வடையும் வந்தது.

"மாஸ்டர், குழி எவ்வளவு ஆழம்?"

"நெஞ்சளவு."

"உள்ளுக்கு என்ன இருக்கு?"

"சாணி."

சிரித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "என்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றார்.

"மாட்டுச் சாணி" என்றேன். வேறென்ன சொல்ல?

விஷயம் இதுதான். நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சுற்றாடல் சங்கம் இருக்கிறது. நான் அதன் போஷகர் — அதாவது கூட்டத்தில் கதிரை கொடுப்பார்கள், பேச்சைக் கேட்கமாட்டார்கள். தலைவி பாக்கியம், கொழுந்து பறிப்பவர். அவருக்கு ஒரே ஆசை. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், மத்தியானச் சோற்றோடு மருந்தடிக்காத மரக்கறி கொடுக்கவேண்டும்.

தோட்டத்து மேனேஜரான துரையும் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கிடந்த ஒரு தரிசுத் துண்டைக் கொடுத்தார். முதல் தடவை வத்தாளைக் கிழங்கு நட்டார்கள். காட்டுப்பன்றி தின்றது. இரண்டாம் தடவை மரவள்ளி நட்டார்கள். அதே பன்றி குடும்பத்தோடு வந்து தின்றது. "இன்னொரு தடவை இப்படியானால் அங்கே தேயிலையை நட்டுவிடுவேன்" என்று துரை சொல்லிவிட்டார்.

வேலி போட வசதியில்லை. பன்றியைச் சுடவும் முடியாது, சங்கத்தின் பெயரிலேயே சுற்றாடல் இருக்கிறதே. நல்ல எரு போட்டால் பயிர் சீக்கிரம் விளையும், பன்றிக்கு முன்னால் நாம் பறித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, கூட்டெருவுக்காக ஒரு குழி வெட்டினார்கள்.

இரத்தினபுரி மாவட்டத்தில்... குழி வெட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் மண்ணை வெட்ட ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்: மாணிக்கக்கல். கக்கூசுக்கு வெட்டினாலும் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். செத்தவருக்கு வெட்டிய குழியின் மண்ணை ஒருவர் காலால் கிளறிப் பார்த்ததையும் நான் கண்டிருக்கிறேன். மரியாதையாகத்தான் கிளறினார்.

பாக்கியத்துக்குக் கல் கிடைத்துவிட்டது என்ற கதை குருவிட்ட வரை போயிற்று. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் உண்மையையே சொன்னார். "சாணியும் சருகும்தாங்க. மக்கணும்னு போட்டு வச்சிருக்கோம். வேணும்னா நல்லா பாத்துக்குங்க."

இவ்வளவு தாராளமாகக் காட்டுகிறாள் என்றால் கல்லை வேறெங்கோ ஒளித்துவிட்டாள் என்று ஊர் முடிவு செய்தது.

ஒரு பொலிஸ் சார்ஜன்ட்கூட வந்தார். குழியில் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். "கோம, மாத்தயா" என்று பாக்கியமும் சிங்களத்திலேயே சாணியைச் சொன்னார். குனிந்து மோந்து பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார். ஆனாலும் போகும்போது, கல் தோண்டுவதென்றால் லைசன் எடுத்துச் செய்வதுதான் நல்லது என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பேர் ஒரு மூட்டை எருவைத் திருடிக்கொண்டு போய், கல் மண் கழுவும் கூடையில் போட்டு ஓடையில் கழுவினார்களாம். ஒரு பச்சைப் பாசிமணி கிடைத்ததாம். அதை டோர்ச் அடித்து வேறு பார்த்தார்களாம். "மணிய அவங்களே வச்சுக்கட்டும், எருவத் திருப்பித் தரச் சொல்லுங்க" என்றார் பாக்கியம்.

விஷயம் துரைக்கு எட்டியது. தோட்டத்துக் கல் தோட்டத்துக்குத்தானே? லாம்பும் நாயுமாக ஒரு வாச்சரைக் குழியருகே இரவுக் காவலுக்குப் போட்டார்.

பன்றி வருவது அதோடு நின்றது! லாம்பையும் நாயையும் கண்டு அவை தோட்டத்தின் அடுத்த டிவிசன் பக்கம் போய்விட்டன. மூன்றாம் தடவையாக நட்டதில் பயற்றங்கொடி பந்தல் ஏறியது. வத்தாளையும் மண்ணுக்குள் நிம்மதியாகப் பெருத்தது. தான் காப்பது வெறும் எருவை என்று வாச்சருக்குத் தெரியாது, வத்தாளையைக் காப்பதாகவும் தெரியாது. அவர் பாட்டுக்கு மாணிக்கத்தைக் காத்தார்.

பிறகு ஒரு நாள் துரை நேரில் வந்தார். கம்பால் குழியைக் கிளறினார். கம்பின் நுனியைப் பார்த்தார். "சனிக்கிழமையோடு வாச்சர் வேண்டாம்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. வத்தாளை கிண்டி எடுக்க இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். வாச்சர் போனால் பன்றி வரும், பன்றி வந்தால் நிலம் போகும். பஜார் புடவைக்கடையில் வேலை செய்யும் செயலாளர் மூர்த்தி ஒரு யோசனை சொன்னார். "கண்ணாடிச் சில்லு கொஞ்சம் குழியில போட்டு வைப்போம். வெயில் பட்டா மினுங்கும்."

பாக்கியத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளைங்க திங்கிற சோத்துக்குப் பொய் சொல்லவேணாம். நான் தொரகிட்ட பேசுறேன்."

நானும் கூடப் போனேன். கெஞ்சப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, வாச்சர எடுக்கிறதுன்னா இன்னைக்கே எடுத்துடுங்க" என்றார் பாக்கியம். "சனிக்கிழம வரைக்கும் எதுக்குங்க? அங்க சத்தியமா ஒண்ணுமே இல்லீங்க. வெறும் சாணிதாங்க."

துரை பேனாவை மூடி வைத்தார். பாக்கியத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று மாலையே இரண்டாவது வாச்சரும் வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, இது பொய்யில்லையா?" என்று வழியில் கேட்டேன்.

"நான் சொன்னதுல எது பொய்னு காட்டுங்க மாஸ்டர்."

தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் ஊரில் பொய்யை மறைக்கத்தான் படாதபாடு படவேண்டும். உண்மையை மறைப்பதற்கு ஒரு சிரமமும் இல்லை — வெளியே சொன்னால் போதும்.

போன வாரம் பிள்ளைக் காம்பராவில் அவித்த வத்தாளையும் பயற்றங்காய்க் கறியும் பரிமாறினார்கள். வத்தாளையைப் பிள்ளைகள் இரண்டு கையாலும் தின்றார்கள். வல்லாரைச் சம்பலை மட்டும் ஒரு சுட்டிப்பெண் என் வேட்டியில் துடைத்தாள். மலைக்குப் போகவேண்டிய பாக்கியம் வாசலை விட்டு நகரவே இல்லை. எனக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று. இன்னும் ஒரு வருஷத்துக்கு நிலம் உங்களுக்குத்தான் என்று துரை சொல்லியிருக்கிறார்.

அடுத்த நடுகையும் முடிந்துவிட்டது. ஆனால் துரை ஒரு வாச்சரைக் குறைத்துவிட்டார், மற்றவரையும் எடுக்கும் யோசனையாம். நேற்று பாக்கியம் என்னைத் தேடிக்கொண்டு பெல்மதுளைக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர், நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? குழியில என்ன இருக்குன்னு உள்ளபடியே எழுதிடுங்க. ஒரு பொய்யும் வேணாங்க."

எழுதிவிட்டேன். சாணியும் சருகும் தவிர அங்கே எதுவுமே இல்லை — நீங்கள் நம்பமாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.