பாடம் முடிந்ததும் ஒலிக்கும் துதி

என் மகள் மேகலா பத்தாம் வகுப்புக்குப் போன அந்த ஜூன் மாதத்தில், அவளால் ஒரு பக்கத்தை முழுதாக வாசிக்க முடியவில்லை. சித்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவன் நான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். என் பிள்ளைக்கு எழுத்து பிடிபடவில்லை.

திருச்சானூர் அலமேலுமங்கைத் தாயாரை நம்பி வாழ்கிற உங்களோடு இதைப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இப்போதுதான் எழுத முடிகிறது.

அந்த மாதத்தில் ஒரு நாள் மேகலா பள்ளியிலிருந்து வந்தாள். பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள்.

“இனிமே நான் போவல நைனா.”

“ஏம்மா, இன்னா ஆச்சு?”

“வகுப்புல வரிசையா எழுந்து நின்னு படிக்கணும். என் முறை வர்றதுக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சிடறாங்க. நான் இன்னும் எழுந்திரிக்கக்கூட இல்ல.”

அழுதுகொண்டு சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னை உடைத்தது.

திருப்பதியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற ஆசிரியை ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அழைத்துப்போனோம். அவர் மேகலாவோடு வெகுநேரம் பேசினார். படங்கள் காட்டினார், கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு எங்களை உள்ளே அழைத்தார். “அறிவுல ஒண்ணும் குறை இல்ல சார். எழுத்து அவளுக்கு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. அவ்வளவுதான். காதால கேட்டத விடவே மாட்டா” என்றார். பொதுத்தேர்வில் கேள்வியை வாசித்துக்காட்டவும், அவள் சொல்லச் சொல்ல எழுதவும் ஓர் ஆளை அனுமதிப்பார்கள் என்றும் சொன்னார். ஆனால் பாடம் அவள் மனத்தில் இருந்தாக வேண்டும். அது காது வழியாகத்தான் போகவேண்டும்.

அன்று அங்கிருந்து நேராகத் திருச்சானூருக்குப் போனோம். வெள்ளிக்கிழமை. தாயார் சன்னதியில் எனக்குக் கிடைத்த அந்தச் சில நொடிகளில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “தாயே, என் பிள்ளைக்கு எழுத்தைக் கொடு.” வெளியே வந்து கொடிமரத்தின் அருகே விழுந்து கும்பிட்டபோது ஒரு வேண்டுதலும் செய்துகொண்டேன். பாடங்களையெல்லாம் ஒலியாக்கி ஓர் ஆப் செய்வேன். அதில் ஒவ்வொரு பாடமும் உன் துதியோடுதான் தொடங்கும்.

வேண்டுதலைக் கேட்டு என் மனைவி வசந்தாவுக்குச் சந்தோஷம். எங்கள் வீட்டில் விடிந்ததும் ஒலிப்பது தாயாரின் துதிதான். மேகலா அதை ஓரெழுத்தும் வாசிக்காமலே முழுதாகச் சொல்வாள்.

ஆடியில் தொடங்கினோம். வசந்தா சமையலறையில் உட்கார்ந்து வாசிப்பாள், நான் பதிவு செய்வேன். புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருப்பதை முதலில் படிப்பாள். பள்ளியில் சொல்கிறபடி தெலுங்கில் ஒருமுறை சொல்வாள். கடைசியில் “அதாவதுடி” என்று ஆரம்பித்து எங்கள் வீட்டுத் தமிழில் விளக்குவாள். அந்த “அதாவதுடி”க்குப் பிறகுதான் பாடம் உயிரோடு வரும். ஆப் தயாராகும் என்று சொல்லி மேகலாவையும் சமாதானப்படுத்திப் பள்ளிக்கு அனுப்பி வைத்தோம்.

விஜயதசமியன்று ஃபோனுக்குக் குங்குமப் பொட்டு வைத்துத் தாயார் படத்தின் முன் வைத்தோம். கற்பூரம் காட்டி மேகலாவின் கையில் கொடுத்தேன். நல்ல நிறங்கள். பெரிய எழுத்து. பாடத்தின் பெயர், எண், தலைப்பு எல்லாம் வரிசையாக. எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் ஒன்றைத் தொட்டாள். துதி ஒலித்தது. முழுதும் முடியக் காத்திருந்தாள். பாடம் தொடங்கியது, ஆனால் அவளுக்கு வேண்டிய பாடம் இல்லை. வேறொன்றைத் தொட்டாள். மறுபடியும் துதி. இன்னொன்று. துதி.

ஃபோனைக் கீழே வைத்தாள்.

“எதத் தொட்டாலும் சாமி பாட்டுதான் வருது நைனா. சயின்ஸா சோஷியலான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“மேலே எழுதியிருக்குதே பாரும்மா” என்று சொல்லிவிட்டேன்.

வசந்தா என்னைப் பார்த்தாள். “நல்லா சொன்னீங்க. அத்தப் போயி அவகிட்டயே சொல்றீங்களே.”

“இத்தத் தொறக்கறதுக்கே படிக்கணுமே நைனா” என்று மேகலா சொன்னாள். கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாவம், எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னாள். மறுநாள் பை மறுபடியும் பரணுக்குப் போனது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துதியை எடுக்கலாம்தான். ஆனால் கொடிமரத்தடியில் செய்த வேண்டுதல் அல்லவா? உங்களில் பலருக்கு என் பயம் புரியும். தாயாருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவதா? ஐப்பசி முழுதும் அப்படியே போனது. வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள்.

கார்த்திகையில் பஞ்சமி தீர்த்தம் வந்தது. தாயாரின் உற்சவம் முடிகிற நாள். குளத்தில் தீர்த்தவாரி நடக்கும்போது மூழ்கி எழ அத்தனை ஜனங்களும் வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்களும் போனோம். மேகலாவுக்கு வர இஷ்டமில்லை. வசந்தாதான் இழுத்துக்கொண்டு வந்தாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூரில் இறங்கினோம். எப்போதும் பூ வாங்குகிற அம்மாவிடம் செருப்புகளை விட்டோம். மேகலாவின் ஃபோன் வசந்தாவின் பையில் இருந்தது.

குளத்திலிருந்து திரும்பும் வழியில் கூட்டம் ஒரு பக்கமாகத் தள்ளியது. என் கையில் அவள் கை இருந்தது. பிறகு இல்லை.

அவ்வளவுதான். ஒரு கூச்சலும் இல்லை. கையில் பிடிப்பு இல்லை. திரும்பினேன். எல்லாம் வேறு முகங்கள்.

அங்குமிங்கும் அலைந்தோம். பெயரைச் சொல்லிக் கத்தினோம். காணாமல் போனவர்களை அறிவிக்கிற இடத்துக்கு ஓடினோம். அங்கிருந்த கான்ஸ்டபிள் தன்மையான மனிதர். உட்காரச் சொன்னார். எங்கள் பேச்சைக் கேட்டதும் அவரும் தமிழிலேயே பேசினார்.

“எத்தனாவது படிக்குது பாப்பா?”

“டென்த் சார்.”

“டென்த்தா? அப்ப எதுக்கு சார் இவ்ளோ பயம்? எங்க பாத்தாலும் போர்டு வச்சிருக்கோம். படிச்சிப் பாத்து வந்துடும்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். வசந்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் என் மகளின் பெயரைத் தெலுங்கிலும் தமிழிலும் சொன்னார்கள். அந்தப் பெயரைக் கூட்டத்தின் இரைச்சல் விழுங்கிவிட்டது.

அங்கேயே, நின்ற இடத்திலேயே, கண்ணை மூடினேன். அதுவரை கேட்டதையெல்லாம் விட்டேன். “எழுத்து வேண்டாம் தாயே. படிப்பு வேண்டாம். தேர்வு வேண்டாம். பிள்ளையைக் கொடு.” வேறு வார்த்தை வரவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“செருப்பு விட்ட எடத்துல போய்ப் பாப்போம், வாங்க” என்று வசந்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தத் தெருக்களெல்லாம் எனக்கே ஒன்றுபோல்தான் இருந்தன. போர்டு பார்த்துப் பார்த்து, தவறான பக்கம் திரும்பி, மறுபடி வந்து, ஒருவழியாகப் பூக்கடைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மேகலா அங்கே பூக்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க போய்க்கினு இருந்தீங்க ரெண்டு பேரும்? நான் அப்பவே வந்து குந்திக்கினு கீறேன்.”

பூக்காரம்மா சிரித்தார். “பொண்ணு வந்து எம்மா நேரம் ஆவுது. எனக்குப் பாதிக் கூடைய கட்டிக் குடுத்துட்டா. தொலைஞ்சி போனது நீங்கதான் சார்.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வசந்தா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், நடுநடுவே முதுகில் அடித்தாள். “வுடும்மா, பூ நசுங்குது” என்றாள் மேகலா.

மூச்சு வந்த பிறகு கேட்டேன். “எப்படிம்மா வந்த?”

“கேட்டுக்கினே வந்தேன்.”

“யாரக் கேட்ட?”

“யாரயும் இல்ல நைனா, சத்தத்த. போகும்போது கரும்பு மிஷின் மணி இந்தக் காதுப் பக்கம் ஜல்லு ஜல்லுன்னு கேட்டுச்சு. வரும்போது அந்தக் காதுப் பக்கம் வச்சிக்கினு நடந்தேன். அப்புறம் பஜ்ஜிக் கடைக்காரு கரண்டியால சட்டியத் தட்டிக்கினே இருப்பாரு. அவரத் தாண்டினா ஆட்டோக்காரங்க ‘பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு’ன்னு கத்துவாங்க. அங்க திரும்பினா இந்தம்மா குரல்.”

“பயமா இல்லியாடி?” என்றாள் வசந்தா.

“கொஞ்சம்.” கையிலிருந்த பூவை முடிந்துகொண்டே சொன்னாள். “ஒவ்வொண்ணும் வேற வேற சத்தம் இல்ல? எல்லாத்துலயும் ஒரே மணி அடிச்சிருந்தா நெஜமாவே தொலைஞ்சிருப்பேன். நம்ம ஆப்புல மாதிரி.”

பூக்காரம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கை கூப்பினேன். பிள்ளையைக் கேட்டேன், கொடுத்தாள். முதலில் கேட்டதற்கும் பதில் வைத்திருந்தாள். அதை என் பிள்ளையின் வாயாலேயே சொல்லவைத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் ஆப்பை மேகலாவின் கையில் கொடுத்து, “நீ சொல்லு, நான் செய்யறேன்” என்றேன். திரையிலிருந்து எழுத்தையெல்லாம் எடுக்கச் சொன்னாள். ஒரு தட்டு தட்டினால் அடுத்த பாடம். விரலை இடப்பக்கம் தள்ளினால் முன்னால் சொன்ன வரி திரும்ப வரும். பாடத்துக்குப் பாடம் வேறு சத்தம். சமூக அறிவியலுக்கு ஷேர் ஆட்டோக்காரரின் கூவல். கணக்குக்குக் கண்டக்டர் விசில். தெலுங்குக்குக் கரும்பு மிஷின் மணி. அதைப் பதிவு செய்யவே ஒருமுறை திருச்சானூருக்குப் போய் கரும்புச் சாறு குடித்தோம்.

சிறுநீரகப் பாடத்தை வசந்தா வாசித்துக்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்துவிட்டது, அதுவும் பதிவாகியிருந்தது. அதை நீக்கப் போனேன். மேகலா தடுத்தாள். “அது இருக்கட்டும் நைனா. விசில் வந்த எடத்துலதான் கிட்னி ரத்தத்த வடிகட்டுறது. எனக்கு அதான் அடையாளம்.” அன்றிலிருந்து அறிவியலுக்குக் குக்கர் விசில்தான்.

துதியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பாடத்தின் தொடக்கத்தில் அதற்கு இடமில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. வேண்டுதலும் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து அவளே கேட்டாள்.

“சாமி பாட்டு எங்க வைக்கிறது நைனா?”

“நீயே சொல்லும்மா.”

“கடைசியில வை. பாடம் முடிஞ்சிடுச்சின்னு எனக்குத் தெரியணும் இல்ல? அதக் கேட்டா நிம்மதியா இருக்கும்.”

அப்படியே வைத்தேன். பரணிலிருந்து பையை அவளே இறக்கிக்கொண்டாள். மார்கழிக் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இயர்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்பாள். அவள் அறையிலிருந்து தாயாரின் துதியை அவள் முணுமுணுக்கும் குரல் வந்தால், இன்னொரு பாடம் முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும். வசந்தா அடுப்படியிலிருந்தே கை கூப்புவாள்.

பொதுத்தேர்வில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேள்வியை வாசித்துக்காட்டினாள். மேகலா சொல்லச் சொல்ல எழுதினாள். நான் பள்ளி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அறிவியல் தேர்வு முடிந்து வெளியே வந்தவள், தூரத்திலேயே வாயைக் குவித்து, குக்கர் விசில் அடித்துக் காட்டினாள். கிட்னி கேள்வி வந்திருந்தது. சுற்றியிருந்த பெற்றோர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

தேர்ச்சி பெற்றாள். எல்லாப் பாடத்திலும். இப்போது இண்டர், அதாவது உங்கள் ஊர் பிளஸ் டூ, படிக்கிறாள். எழுத்து இன்னும் அவளுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது மாறவில்லை. வகுப்பில் வாசிக்கச் சொன்னால், “எனக்கு வராது மேடம், கேள்வி கேளுங்க, சொல்றேன்” என்கிறாளாம்.

திருப்பதி ஆசிரியை அந்த ஆப்பைத் தன்னிடம் வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். குடிபாலாவில் சில பிள்ளைகள் அதில் பாடம் கேட்கிறார்கள். குப்பம் என்கிற ஊரிலிருந்து ஒரு தாய் ஃபோனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். “எங்க பொண்ணு தானாவே போட்டுக் கேக்குது சார். ஆனா அந்த ஆட்டோ சத்தம் வேணாமாம். கிரானைட் அறுக்கிற சத்தம் வைக்கணுமாம், அதான் அவளுக்குப் பழக்கமாம்.” அதையும் வைத்துக் கொடுத்தேன். இப்போது அவரவர் ஊர்ச் சத்தத்தை அவரவரே வைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறேன். துதி பிடித்தவர்கள் துதி வைத்துக்கொள்கிறார்கள். வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள் தங்கள் பாட்டை வைத்துக்கொள்கிறார்கள். அது எனக்குச் சந்தோஷமே.

என் பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கூட்டத்தில் நடந்தால் இன்றும் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறேன். “வலிக்குது நைனா” என்கிறாள். ஆனால் சன்னதியில் நான் கேட்கும் விதம் மாறிவிட்டது. இதைக் கொடு, இப்படிக் கொடு என்று சொல்வதில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்கிறேன், நிற்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பரண்மேல் ஏறிய ஒரு புத்தகப் பை இருக்கலாம். சிரிப்புக்குப் பயந்து எழுந்திருக்காத ஒரு பிள்ளை இருக்கலாம். தாயாரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள், அது சொல்வதைக் கேளுங்கள். தாயாரின் பதில் அங்கிருந்து வரலாம். எனக்கு அப்படித்தான் வந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையிலிருந்து துதி கேட்கிறது. மேகலாவுக்கு ஒரு பாடம் முடிந்திருக்கிறது. நானும் இங்கே நிறுத்திவிட்டு, அவளோடு சேர்ந்து சொல்லப் போகிறேன்.