ஒற்றை இருக்கை

என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஒரு ஆளைப் பார்த்து அல்ல, ஒரு இருக்கையைப் பார்த்து. அது சித்தப்பா ஓட்டி வந்த காரின் இடது பக்க இருக்கை. அந்தக் காரில் மொத்தமே இரண்டு இருக்கைகள்தான். ஒன்றில் சித்தப்பா உட்கார்ந்தால் மிச்சம் ஒன்று. அதில் அவர் மகன் உட்கார்ந்து வந்தான். என்னைவிட நாலு மாதம் மூத்தவன். அந்த நாலு மாதத்துக்காக அவனை நான் அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

சித்தப்பா பெங்களூரில் வேகக் கார்களைப் பழுது பார்க்கும் ஷெட்டில் மெக்கானிக். வேலை முடிந்த காரை ஹைவேயில் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லி முதலாளி அனுப்பினாராம். ஓட்டியவர் சூளகிரிக்கே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் அப்பாவின் டயர் கடை. தரையோடு ஒட்டிக்கொண்டு, மஞ்சள் நிறத்தில் அந்தக் கார் வந்து நின்றதும், கடையில் டயர் கழற்றக் கொடுத்திருந்த லாரி டிரைவர்கூட எழுந்து போய்விட்டார். அப்பா மட்டும் லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்ததோடு சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கடை வாசலில் எங்கள் அப்பாவை யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் வேறு காரைச் சுற்றிக் காவல் காத்தான். "முட்டபேடா, முட்டபேடா" என்று கன்னடத்தில் எல்லோரையும் விரட்டினான். தொடாதே என்பதை எங்களிடம் தமிழிலேயே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் சித்தப்பா ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, கைக்கடிகாரம் மாதிரி ஒரு மீட்டரை எடுத்து ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை அளந்தார். அண்ணன் வால்வு மூடிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கோயில் பிரசாதம்போல் ஏந்தி நின்றான். நானும் வைத்துக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன்.

"தொலைச்சிடுவ. இது சாதா வண்டி இல்ல. முன்னாடி டயருக்கு ஒரு அளவு, பின்னாடிக்கு ஒரு அளவு. டயர் சில்லுனு இருக்கும்போதுதான் பாக்கணும். உனக்கெல்லாம் தெரியாது" என்றான்.

டயர் கடைக்காரர் மகளுக்குத் தெரியாதாம்! எங்கள் அப்பாவுக்கு மீட்டரே வேண்டாம். லாரி டயரைக் கம்பியால் ஒரு தட்டு, காரென்றால் காலால் ஒரு உதை. சத்தத்தை வைத்தே எவ்வளவு காற்று என்று சொல்லிவிடுவார். இதை நான் அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

சித்தப்பாவும் அவனும் உள்ளே இட்லி சாப்பிடப் போனபோது அப்பா எழுந்து வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி, பின் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். பிறகு காற்றுக் குழாயை இழுத்து வந்தார். வீட்டுக்கு வந்தவர்களை அம்மா வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டாள். கடைக்கு வந்த வண்டியை அப்பா காற்றடிக்காமல் அனுப்ப மாட்டார். நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு, தாராளமாக அடித்தார். அவர் அடித்து முடித்து மாட்டும் வரை அந்த மூடிகளை நான் ஏந்தி நின்றேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

சித்தப்பா கை கழுவ வெளியே வந்தார். குழாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்னண்ணா இது?"

"காத்து கம்மியா இருந்துச்சுடா. நம்ம கடையிலருந்து ஒரு வண்டி வயிறு ஒட்டிப் போச்சுன்னா எனக்கு அசிங்கம்."

சித்தப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிண்ணா" என்றார். என்னைப் பார்த்து, "பாப்பா வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றார்.

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவனுக்குக் கையாட்டினேன்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் போகும் சாலையில் கார் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளியது. சித்தப்பா மெதுவாகவே ஓட்டி, ஒரு மாந்தோப்பு நிழலில் நிறுத்தினார். டயர் ஆறட்டும் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் மூடிகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நகத்தால் வால்வை அழுத்தினார். உஸ்ஸென்று காற்று போனது.

"அது எங்கப்பா அடிச்ச காத்து" என்றேன். அழுகை முட்டியது.

"கூடிருச்சும்மா. வேகமா ஓட்டுனா டயர் சூடாகி இன்னும் ஏறும். அப்புறம் ரோட்டைப் புடிக்காது."

"அப்ப அங்கயே சொல்றதுதானே?"

அவர் என் கையிலிருந்த மூடிகளை வாங்கித் திருகினார். "அப்பாகிட்ட சொல்லிடாத பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்ததும் அப்பா காரின் அருகே வந்தார். வழக்கம்போல் பின் சக்கரத்தைக் காலால் ஒரு உதை. மாட்டினார் சித்தப்பா என்று நினைத்தேன். அப்பா இன்னொரு முறை உதைத்தார். சித்தப்பா கண்ணாடியைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கரெக்டா இருக்குடா காத்து" என்றார் அப்பா.

"நீ அடிச்சதாச்சேண்ணா" என்றார் சித்தப்பா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ இருந்தது, அதில் எனக்கு இடமில்லை. அதைவிட, அப்பாவின் கால் பொய் சொல்லிவிட்டதே என்று அவமானமாக இருந்தது.

சித்தப்பாவும் அண்ணனும் கிளம்பிப் போனார்கள். கார் பெங்களூர் ரோட்டில் ஏறி மறையும் வரை அப்பா குழாயைச் சுற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உள்ள எப்படி பாப்பா இருந்துச்சு?" என்று கேட்டார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்ததை, இருக்கை முதுகை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்ததை, மாமரங்கள் தலைக்கு மேல் ஓடியதை. அவர் மறுபடியும் கேட்டார். நானும் சலிக்காமல் மறுபடியும் பெருமையடித்தேன். அந்த ஒரு இருக்கைக்கு அன்று ஆசைப்பட்டது நானும் அண்ணனும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.