நான் கழற்றாத மின்முனை

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பையில் பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஏறி உட்கார மனம் வரவில்லை. காலையில்தான் ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து வெளியே போகச் சொல்லியிருந்தார்கள்.

எட்டாவதோடு நின்றவன் நான். செங்கல் சூளை, லாரி, ஓட்டல் என்று சுற்றிவிட்டு அந்த ஆய்வகத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எரிபொருள் மின்கலம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் பொட்டாஷ் காரக் கரைசல். காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தோடு சேர்ந்து வெள்ளை உப்பாகி மின்முனையின் துளைகளை அடைக்கும். வோல்டேஜ் மெல்ல இறங்கும். மின்முனை எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நடுவில் கழற்றினால் அத்தனை மாத உழைப்பும் வீண். கரைசலில் நீர் குறையாமல் ஊற்றிப் பார்த்துக்கொள்வது என் வேலை. காரம் பட்டால் கை வழுக்கும், பிறகு தோல் உரியும். அது பழகிவிட்டது.

அன்று காலை ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவள் வருமுன்பே துறைத் தலைவர் வந்தார்.

"வோல்டேஜ் ரொம்ப இறங்கிடுச்சு, அசிங்கமா இருக்கு. கழட்டிட்டுப் புதுசு மாட்டு. கேட்டா பழசுதான்னு சொல்லு."

"மாட்ட மாட்டேன் சார். இறங்குறதைப் பாக்கத்தானே ஓட்றோம்?"

"எட்டாங்கிளாஸு, உனக்கு இன்னாய்யா தெரியும்?"

"பொய் சொல்றதுக்கு எத்தினி கிளாஸ் சார் படிக்கணும்?"

வெளியே போ என்றார். வாசலில் அவள் எதிரே வந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு நடந்தேன்.

மாதனூர் அருகே அவள் போன் வந்தது.

"அண்ணா, கழட்ட விடல. குறுக்க நின்னுட்டேன். வந்தவங்க பழசையே பாத்துட்டுப் போய்ட்டாங்க. நீங்க சாரி சொன்னா திரும்பச் சேத்துக்குறேன்றார் சார்."

"அது மட்டும் வராதும்மா."

"நான் தனியா எப்டிண்ணா பாத்துப்பேன்?"

"கஷ்டம்தான். தண்ணிய மட்டும் மறந்துடாத."

மறுநாள் காலை ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் போய் நின்றேன். சுண்ணாம்பில் ஊறிய தோல்களை டிரம்மிலிருந்து இழுத்துப் போட ஆள் வேண்டுமாம்.

"முன்னாடி வேலைய ஏன் உட்ட?" என்றார் மேஸ்திரி.

"தப்பா ஒண்ணு செய்யச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன்."

"இங்கயும் அப்டித்தான் பேசுவியா?"

"ஆமா."

ஏற இறங்கப் பார்த்தார். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைத் தூக்கிப் போட்டார். என் காலுக்குப் பெரிது. மாட்டிக்கொண்டு முதல் தோலைப் பிடித்து இழுத்தேன்.