அண்ணன் கழுவிய வண்டி

அடுப்படியில் நின்றபடிதான் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டுச்சேலை கசங்காமல், தலையில் மல்லிகை கனக்க, நான் கேசரியைத் தட்டுகளில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே குழாயைத் திறந்து யாரோ எதன்மேலோ பீய்ச்சி அடிப்பது கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். என் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வந்த மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். எஞ்சின் மேலேயே அடிக்கிறானே என்று எனக்குத் திக்கென்றது. ஆனால் பெண் பார்க்க வந்த நேரத்தில் பெண் ஜன்னலிலிருந்து கத்த முடியுமா? வாயை மூடிக்கொண்டு முந்திரியைப் பொறுக்கிக் கேசரி மேல் வைத்தேன்.

அப்பா இறந்தபின் வீட்டுக்கு எல்லாம் அண்ணன்தான். எங்கள் வீடு சிலமலையில். அவன் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை போடியில். கல்லூரி விட்டதும் பட்டறைக்குப் போய், சாயங்கால பஸ்சு வரும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். வண்டிச் சத்தம் காதில் ஊறிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்தவர்கள். மலையிலிருந்து வரும் வண்டி எதுவும் செம்மண் சேறு அப்பாமல் வராது. சம்பந்தம் பேச வந்தவர்களின் வண்டியைச் சேறோடு திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்பது அண்ணனின் கட்சி. வந்தவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கிறோம், வண்டிக்கு மட்டும் ஏன் இல்லை என்பான். எனக்கு முன்பு வந்த இடங்கள் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிப் போயிருந்தன. இந்த இடத்தை விடக்கூடாது என்று அவன் தவியாய்த் தவித்தான்.

கேசரி தின்று, காப்பி குடித்து, என்னைப் பார்த்து, எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு வந்ததும், “அட, வண்டியப் பளபளன்னு ஆக்கிட்டிகளே மாப்ளே!” என்று அண்ணனின் முதுகில் தட்டினார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார். அது இரட்டைச் சிலிண்டர் வண்டி. நன்றாக இருந்தால் நிதானமாக, ஒரே சீராக உறுமும். அன்றைக்கோ நொண்டியடித்தது. முறுக்கினால் இருமிக்கொண்டு இரண்டு அடி நகர்ந்து நின்றது. மறுபடி கிளப்பினார், அதே நொண்டல். அவர்களோடு ஜீப்பில் வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வண்டி வாசலில் நின்றுபோனால் அதற்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் பெட்ரோல் டேங்கைத் திறந்து மோந்து பார்த்தான். “பெட்ரோல்ல கலப்படம் மாமா. மண்ணெண்ண வாட வருது. கேன்ல வாங்கிட்டுப் போயி மேல வச்சு ஊத்துறிகளா? அதான். செத்த நேரம் ஒக்காருங்க, பாத்துருவோம்” என்றான். பெரியவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “எங்க கேன்ல கலப்படமா? நாலு வருசமா அதே பங்க்குலதான் வாங்குறேன். இன்னைக்குக் காலைல வரைக்கும் சிங்கம் மாதிரி ஓடுச்சு!” என்றார். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கை அண்ணன் தொடவே இல்லை. டேங்கையும் குழாயையும் தட்டிக்கொண்டு பேச்சை வளர்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு உள்ளே நிற்க முடியவில்லை. பெட்ரோல் கெட்டிருந்தால் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து திணறும். இதில் ஒன்று சுத்தமாக ஓடுகிறது, இன்னொன்று செத்துக் கிடக்கிறது. சின்னப் பிள்ளைக்குத் தெரியும் இது. இவனுக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். அம்மா, “ஏத்தா, உள்ள போ” என்று பல்லைக் கடித்தாள். நான் காதில் வாங்கவில்லை. வண்டியை ஓடவிடச் சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து இரண்டு பக்கத்துப் புகைக்குழாய் மேலும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தேன். வலப்பக்கம் சொய்ங்கென்று ஆவியாகப் போனது. இடப்பக்கம் தண்ணீர் அப்படியே வழிந்து தரையில் சொட்டியது. “இடது பக்கம் எரியவே இல்ல மாமா. தண்ணி எறங்கிருக்கும்” என்றேன். வண்டியை நிறுத்தச் சொல்லி, பிளக் மூடியைக் கழற்றினேன். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் குளம் மாதிரி நின்றது. சைக்கிள் பம்பால் ஊதி, துணியால் துடைத்து மாட்டியதும் வண்டி சீராக உறுமியது. பெரியவர் கைகொட்டிச் சிரித்தார். “ஆத்தாடி! பொண்ணுன்னா இதுல்ல பொண்ணு!” என்றார். நான் பூரித்துப்போய்த் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவன் பெட்ரோல் டேங்கின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் நின்றான்.

சம்பந்தம் அன்றைக்கே முடிவாயிற்று. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது என் அண்ணன். என் மாமனார் நல்ல மனுஷர், ஆனால் வாய் நிற்காது. மருமகளின் பெருமையை ஏலக்காய் ஏலத்துக்குப் போகிற இடத்தில், டீக்கடையில், கல்யாண வீட்டில் என்று சொல்லாத இடமில்லை. “காதாலயே கண்டுபுடிச்சுட்டா எம் மருமக. அவ அண்ணன் பெரிய மெக்கானிக்கு, பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கிறான்!” போடி என்ன பெரிய ஊரா? பட்டறைக்கு வந்தவர்கள், “என்னண்ணே, தங்கச்சி இல்லயா? அப்ப நாளைக்கு வர்றோம்” என்று கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் கிண்டலுக்குச் சொன்னார்கள். பிறகு நிஜமாகவே வேறு பட்டறைக்குப் போனார்கள்.

அண்ணன் பட்டறையைக் காலி செய்த அன்று நான் போயிருந்தேன். அப்போதுதான் கேட்டேன். “ஒனக்குமா தெரியல அண்ணே, தண்ணி எறங்கிருக்குன்னு?”

ஸ்பானர்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே சொன்னான்: “குழாயப் புடிச்சவனே நாந்தான ஆத்தா, எனக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் ஓடி, வெயில்ல நின்னா காஞ்சிரும்னு நெனச்சேன். பொண்ணு வீட்டுக்காரன் கை பட்டுத்தான் வண்டி நின்னுச்சுன்னா அவுகளுக்குச் சகுனம் கிகுனம்னு நெனப்பு வந்துரும்ல, அதான் பெட்ரோலு கிட்ரோலுன்னு பேச்சுக் குடுத்தேன்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. “மாமாகிட்ட நான் சொல்றேன்” என்றேன்.

“என்னன்னு சொல்லுவ? அவுக பெட்ரோல வேணும்னே பொய்யாக் குத்தஞ் சொன்னேன்னா? ஒண்ணுந் தெரியாதவன்னா சிரிச்சுட்டுப் போயிருவாக. பொய்க்காரன்னா ஒறவு நிக்காது. நீ அங்க பொழைக்கணும். சும்மா இரு.”

என் மாமனாரே பாவம் பார்த்து அவனுக்கு வேலை கொடுத்தார். இப்போது அண்ணன் எங்கள் தோட்டத்து ஜீப்பை ஓட்டுகிறான். காலையில் காய் பறிக்கிற பெண்களை மேலே ஏற்றிப்போய், பொழுது சாய இறக்கிவிடுகிறான். ஜீப்பில் கோளாறு வந்தால் தானே பார்த்துவிடுவான். ஆனால் என் மாமனார் வருகிற சத்தம் கேட்டால் பானட்டை மூடிவிட்டு, “மெக்கானிக்க வரச் சொல்லிருக்கேன் மாமா” என்கிறான். அதைக் கேட்கும்போது நான் பக்கத்தில் இருந்தால் ஏதாவது சோலி இருப்பதுபோல் உள்ளே போய்விடுவேன்.

போன வாரம் காய் விலை பேச வெளியூர் வியாபாரிகள் வந்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி வண்டிகளில் வந்து நின்றது. என் மாமனாருக்கு அது போதும். தண்ணீர் தெளித்தது, சொய்ங்கென்றது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். அண்ணன் ஜீப்புச் சாவியோடு வாசற்படி அருகே காத்து நின்றான். “இந்தா, சாட்சிக்கு அவனே நிக்கிறான், கேளுங்க!” என்றார்.

“ஆமா மாமா. அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே ஓடல” என்று அண்ணன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

வியாபாரிகளில் ஒருவர் என் பக்கம் திரும்பி, “நெசமாவாம்மா? மெக்கானிக்கா இருந்தும் உங்க அண்ணனுக்குத் தெரியலையா?” என்று கேட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

“ஆமாங்க, அவனுக்குத் தெரியல” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.