கருவைத் தூரும் நான் வைத்த தீயும்

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கரிசல். உழாமல் போட்டதில் சீமைக்கருவேலங்காடாகிவிட்டது. அதைச் சுத்தம் செய்து மக்காச்சோளம் விதைத்தால் பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிடுவதாக என் மனைவி சொல்லியிருந்தாள். மருந்து அடைக்கும் அறையில் அவளுக்கு வேலை. பக்கத்து அறை வெடித்ததை ஒருமுறை கண்ணால் பார்த்தவள். பயந்து பயந்துதான் போய்வந்துகொண்டிருந்தாள்.

கருவையைத் தூரோடு தோண்டி எடுக்க வேண்டும் என்றாள். அவள் பிறந்த வீடு ஆமத்தூர்ப் பக்கம், கருவையை வெட்டி, மண் மூடிச் சுட்டுக் கரிமூட்டம் போடுகிற குடும்பம். அவர்கள் தரைக்கு மேலே கட்டையை விட்டுத்தான் வெட்டுவார்களாம். அந்தக் கட்டை மறுபடி தழைத்து அடுத்த வெட்டுக்கு மரமாகிவிடுமாம். தீ வைத்தாலும் அப்படித்தான் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. மூட்டக்காரர் மகள் எனக்கு விவசாயம் சொல்லித் தருவதா?

“ஒங்கய்யா கரி சுட்ட லட்சணம் எனக்குத் தெரியும். நீ ஒன் வேலையப் பாரு” என்றேன். அவள் அப்பா இறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பங்குனி வெயிலில் தீ வைத்தேன். இரண்டு நாள் எரிந்தது. வரப்பில் அவள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த எலுமிச்சையும் சேர்ந்து கருகியது. ஒரு எலுமிச்சைக்கு அழுவார்களா என்று கேலி செய்தேன். ஆனாலும் நிலம் கறுப்பாக, வெறிச்சென்று கிடந்ததைப் பார்த்ததும் அவளே நம்பிவிட்டாள். கம்பெனியில் சொல்லிவிட்டு நின்றுகொண்டாள். அந்த மாதம் அவள் முகத்தில் இருந்த தெளிச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. பதினைந்தே நாளில், ஒரு மரம் நின்ற இடத்தில் ஆறு குருத்து. தளதளவென்று, முள்ளோடு.

அவள் உட்கார்ந்து களைக்கொத்தியால் ஒரு தூரைச் சுற்றி மண்ணைப் பறித்தாள். ஒரு சாண் ஆழத்தில் முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்த கட்டையை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை.

“தீ மேலோட போயிரும். உசுரு இங்கன கெடக்கு. இப்பவாச்சும் தோண்டுவோமுங்க” என்றாள்.

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனாலேயே கோபம் வந்தது. வைகாசியில் மறுபடி எரித்தேன். ஆடிக் காற்றில் மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் முன்னைவிட அடர்த்தியாக வந்தது. ஆவணியில் உழ வந்த டிராக்டர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஊர் சிரித்தது. அந்த எரிச்சலை எல்லாம் சோற்றுத்தட்டுக்கு முன்னால் அவள்மேல் கொட்டினேன்.

“கரிக்கார வீட்டு ராசி, வெள்ளாமை வெளங்குமா? ஒக்காந்து திங்கவா ஒன்னயக் கட்டுனேன்? கம்பெனிக்குப் போ.”

தீபாவளி சீசன். கேட்டதும் எடுத்துக்கொண்டார்கள். பழைய அறைதான், பழைய வேலைதான். புரட்டாசியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அந்த அறை வெடித்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்குவமாகச் சொன்னார். மேலோடு வெந்திருந்தால் அடியிலிருந்து புதுத்தோல் வளர்ந்துவிடும். இவளுக்கு அடிவரை வெந்துவிட்டது, இனித் தானாக வளர எதுவும் மிச்சம் இல்லை என்றார். பேச்சு வரவில்லை; ஆட்டுகிற அளவுக்குத் தலையும் பார்க்கிற அளவுக்குக் கண்களும்தான் அவளுக்கு மிஞ்சியிருந்தன.

சாயங்காலம் அவள் அண்ணன் மூட்டத்திலிருந்து அப்படியே ஓடிவந்தார். தங்கையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“வேலைய விட்டுட்டேன்னு அம்புட்டுச் சந்தோசமாச் சொன்னாளே மாப்ள. மறுபடி எதுக்குப் போனா?”

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவளாத்தான் போனா” என்றேன்.

அவர் அவளிடம் குனிந்து, அப்படியா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனுக்கு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் தலையை ஆட்டவில்லை.